பதினோரு ரிப்பேர் சீட்டுகள்

அத்தியாயம் ஐந்து

துப்பாக்கியைத் திருடிக்கொண்டு ஓடியவர்களை இன்ஸ்பெக்டர் எக்ஸ்ரே தன் பதினேழு வருட சர்வீஸில் நிறையவே பிடித்திருக்கிறாள். துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடுகிற ஆளை இப்போதுதான் முதன்முதலாகத் துரத்துகிறாள்.

எக்ஸ்ரே என்பது டிபார்ட்மென்ட் அவளுக்கு வைத்த பெயர். எதிரே நிற்பவனின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்பதை அவன் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று ஒரு வதந்தி. அதை அவள் மறுத்ததில்லை, வேலைக்கு உதவியாக இருந்தது. போலீஸுக்குள்ளேயே நடக்கும் தப்புத்தண்டாக்களை விசாரிக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அவளுக்குக் கீழே மொத்தம் ஒரே ஓர் ஏட்டு. எந்த வேலையைக் கொடுத்தாலும் "நாளைக்கு முடிச்சிடலாம் மேடம்" என்று தள்ளிப்போடுவதால் அவருக்கு வாய்தா என்று பெயர். பேச்சை மட்டும் அவர் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

காலை பத்து மணி. தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், ஆயுதக் கிடங்கின் கம்பிவலை போட்ட கவுன்ட்டர். கிடங்குக்காரர் எண்ணெய் படிந்த விரல்களால் மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"பதினொண்ணு மேடம். நாலு மாசத்துல பதினோரு தடவை. ஒரே பிஸ்டல், ஒரே ஆளு, ஒரே கம்ப்ளெய்ன்ட். ட்ரிக்கர் சிக்குதாம். பிரிச்சுப் பாத்தா ஒரு கோளாறும் கிடையாது."

"எங்க வீட்டு மிக்ஸியைக்கூட நான் இத்தனை தடவை ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போனதில்ல," என்றார் வாய்தா. "அது நிஜமாவே ஓடாது."

பிஸ்டலுக்குச் சொந்தக்காரன் அதிரடிப் படையில் சப்-இன்ஸ்பெக்டர். தாலாட்டு என்று சொன்னால்தான் அங்கே யாருக்கும் அவனைத் தெரியும். அதிரடிப் படைக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. எந்நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் வார லீவு நாளிலும் பிஸ்டலைத் தங்களோடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதில் அவர்களுக்கு ஒரு கெத்து. அந்தக் கெத்தை வேண்டாம் என்று ஒருத்தன் வாராவாரம் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனால், எக்ஸ்ரேயின் மூக்கு வேர்க்காமல் என்ன செய்யும்?

அவள் முதலில் போட்ட கணக்கு அழகான கணக்கு. பிஸ்டல் கிடங்குக்குள் வருகிறது. உள்ளே இருக்கிற யாரோ அதை ஒருநாள் ரவுடிகளுக்குக் கைமாற்றிவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள். வெளியே ஏதாவது விபரீதம் நடந்தால், 'அன்னிக்கு என் பிஸ்டல் ரிப்பேர்ல இருந்துச்சே' என்று தாலாட்டு மஞ்சள் சீட்டை நீட்டுவான். இதை உறுதிசெய்யப் போன வாரம் சோதனை என்ற பேரில் உள்ளே வந்து, அந்த பிஸ்டல் இருந்த பெட்டியின் மூடிக்குக் குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு கருப்பு நூலை ஒட்டிவைத்துவிட்டுப் போனாள். அவன் திரும்ப வாங்க வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் வந்து பார்த்தாள். நூல் ஒட்டிய இடத்தில் ஒட்டியபடியே இருந்தது. கணக்கு அங்கேயே படுத்துவிட்டது.

"அப்ப என்னையே சந்தேகப்பட்டீங்களா மேடம்?" கிடங்குக்காரருக்கு முகம் சுண்டிப்போனது.

"எல்லாரையும் சந்தேகப்படுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். சரி, இன்னிக்குச் சாயங்காலம் அவன் வருவானா?"

"நாளைக்கு அவருக்கு வார லீவு. கண்டிப்பா வருவாரு."

"வந்தா வாங்காதீங்க. நல்லாத்தானே இருக்குன்னு சொல்லி அவன் கையிலேயே குடுத்து அனுப்பிடுங்க. சந்தேகம் வராத மாதிரி, நாலு பேர் எதிர்ல சாதாரணமா சொல்லுங்க. வழி அடைச்சா எலி வேற பக்கம் ஓடும். எங்க ஓடுதுன்னு பாத்துக்கிறேன்."

தன் பொறியைத் தானே மெச்சிக்கொண்டு அவள் திரும்பினாள். கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் 'ஆயுதம் திரும்பப் பெறப்பட்டோர்' என்று தலைப்பிட்ட பலகை ஒன்று தொங்கியது. மாடியில் போலீஸ்காரர்களின் மனநலத்துக்கென்று ஓர் ஆலோசகரை நியமித்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவரிடம் போகிறவனின் துப்பாக்கியை உடனே திருப்பி வாங்கிவிட வேண்டும் என்பது விதி, வாங்கியதும் அவன் நம்பரைப் பலகையில் எழுத வேண்டும் என்பது வழக்கம். நம்பரைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கப் போலீஸ்காரர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பலகையில் ஏறியவனுக்கு அன்றிலிருந்து வெறுங்கை என்று பேர். அப்புறம் அவனைக் காணாமல்போன பொருள்கள் பிரிவில் குடை எண்ண அனுப்பிவிடுவார்கள்.

"இந்த மாசம் வெறுங்கை யாருமே இல்ல மேடம்," என்று பலகையைப் பார்த்துச் சொன்னார் வாய்தா. "டிபார்ட்மென்ட் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு."

எக்ஸ்ரே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அன்று மாலை அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத் தவித்ததை அப்புறம் சொல்கிறேன்.

*

மதியம் மூன்று மணிவரை அவளுடைய அறையில் இரண்டு பேரும் காகிதம் மேய்ந்தார்கள். ஒரு பக்கம் பதினோரு சீட்டு. இன்னொரு பக்கம் அதிரடிப் படையின் டியூட்டி பட்டியல். சீட்டுகள் எல்லாமே வார லீவுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் எழுதப்பட்டவை. பிஸ்டலைத் திரும்ப வாங்கியது, லீவு முடிந்த மறுநாள் காலை, வரிசையில் முதல் ஆளாக.

"டியூட்டி நாள்ல சமர்த்தா இருக்கிற பிஸ்டல், லீவு நாளைக்கு மட்டும் படுத்துக்குது," என்றார் வாய்தா. "நம்ம ஆபீஸ் லிஃப்ட் மாதிரி இல்ல. அது டியூட்டி நாள்லதான் படுக்கும்."

"பேசாம எண்ணுங்க. நாலு மாசத்துல எத்தனை வார லீவு?"

"பதினேழு. அதுல அஞ்சு ரத்து. கூட்டம், ஊர்வலம், வி.ஐ.பி. வருகைன்னு இழுத்துப் போட்டுட்டாங்க. மீதி பன்னண்டு."

"லீவு பன்னண்டு. சீட்டு பதினொண்ணு." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஒரு லீவுக்கு மட்டும் பிஸ்டல் ரிப்பேர் ஆகல. ஏன்?"

"அன்னிக்குத் துப்பாக்கிக்கும் லீவு போல."

"ஜீப்பை எடுங்க. வீட்டுக்குப் போய்ப் பாத்துடுவோம். அந்த ஒரு வாரத்துலதான் விஷயம் இருக்கு."

இதுதான் அவளிடம் ஒரு குணம். கையில் இருப்பதை விட்டுவிட்டு, இல்லாத ஒன்றைத் தேடிப் போவாள். பெரும்பாலும் கிடைத்தும்விடும்.

*

போலீஸ் குடியிருப்பில் மூன்றாவது மாடி. தாலாட்டின் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. மிதியடியில் ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு மட்டும் ஓரமாகக் கிடந்தது, தூசி படிந்து. எதிர்வீட்டு அம்மா கையில் பாதி மடித்த துணியோடு எட்டிப் பார்த்தாள். போலீஸ் டிரைவர் ஒருவரின் மனைவி.

"அவரைத் தேடியா வந்திருக்கீங்க? ஏதாவது பிரச்சினையா மேடம்?"

"அதெல்லாம் இல்லம்மா. வழக்கமான விசாரணை. அவர் சம்சாரம் இல்லையா?"

"அது போயி நாலு மாசமாச்சே! பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. சண்டையெல்லாம் இல்ல மேடம், நான் பொய் சொல்ல மாட்டேன். தூக்கத்துல அலறிக்கிட்டு எழுந்திருப்பாரு. பாப்பா பயந்துக்குச்சு. இவரேதான் கையோட கொண்டுபோய் பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "லீவு நாளானா வீட்டுக்குள்ளயே இருக்க மாட்டாரு. அந்தப் படிக்கட்டுல உக்காந்திருப்பாரு, காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும். உள்ள காத்து வரலைன்னுவாரு. போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேசுவாரு. பிடிச்சு வச்சுக்கிட்டுப் பேசுவாரு. பாவமா இருக்கும்."

"நடுவுல அவங்க திரும்ப வரவே இல்லையா?"

"வந்தாங்களே! ஒரே ஒரு தடவை. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டப்ப, ஒரு வாரம் இருந்துட்டுப் போனாங்க. அந்த வாரம் மனுஷன் முகத்தைப் பாக்கணுமே!"

எக்ஸ்ரே டைரியைப் பிரித்து அந்த வாரத்தின் தேதியைக் கேட்டாள். அந்த அம்மா தன் பெரிய மகனின் பரீட்சையை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னாள். கணக்கில் விடுபட்ட அந்த ஒரு லீவு. சீட்டு இல்லாத அதே வாரம்.

வாய்தா படி இறங்கிக்கொண்டே வழக்கம்போல ஆரம்பித்தார். "விநோதமான பிஸ்டலா இருக்கே மேடம். வீட்டுல ஆள் இருந்தா நல்லா இருக்கு. ஆள் இல்லன்னா ரிப்பேர் ஆயி, என்னைக் கொண்டுபோய்ப் பூட்டி வைன்னு..."

வாக்கியம் பாதியில் நின்றது. காலும் படியில் நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு வருடமாகக் கூடவே இருக்கிற வாய்தாவின் முகத்தை அவள் அப்படி வெளிறிப்போய்ப் பார்த்ததே இல்லை.

"மேடம்," என்றார் அவர், மெல்ல. "அவரு துப்பாக்கியைப் பூட்டி வைக்கல. தன்கிட்டேருந்து தன்னைப் பூட்டி வச்சிருக்காரு."

திருட்டும் இல்லை, கைமாற்றும் இல்லை. தனியாக இருக்கும் நாளில் அந்தப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று ஒரு மனிதன் நினைத்திருக்கிறான். ஆலோசகரிடம் போனால் வெறுங்கை. போகாவிட்டால் பிஸ்டலோடு ஒரு முழு நாள். வெறுங்கை என்ற பேர் வாங்காமல் பிஸ்டலைக் கொடுத்துவிட்டு வர டிபார்ட்மென்டிலேயே ஒரே ஒரு வழிதான் இருந்தது, மஞ்சள் சீட்டு. அந்த வழியைப் பதினோரு தடவை அவன் தேடிக் கண்டுபிடித்துப் போயிருக்கிறான்.

இன்று காலை பத்து மணிக்கு அந்த வழியை அடைத்தவள் எக்ஸ்ரே.

கைப்பேசியை எடுத்து ஆயுதக் கிடங்குக்கு அடித்தாள். மணி ஐந்து நாற்பது.

"இப்பதான் மேடம் வந்துட்டுப் போனாரு," கிடங்குக்காரரின் குரலில் உற்சாகம். "நீங்க சொன்ன மாதிரியே நாலு பேர் எதிர்ல சொல்லி அனுப்பிட்டேன். இன்னொரு தடவை நல்லா பாருங்கன்னு கெஞ்சினாரு மேடம். ஒருநாள் மட்டும் வச்சுக்குங்கன்னாரு. பின்னாடி வரிசையில நின்னவங்க சிரிச்சுட்டாங்க. அப்புறம் ஒண்ணும் பேசாம போயிட்டாரு. பொறி சரியா வேலை செஞ்சுதா மேடம்?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள். தாலாட்டின் நம்பருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

*

ஜீப்பில் ஏறியதும் வாய்தா வயர்லெஸ் மைக்கை எடுத்தார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேணாம். அவன் இடுப்புலயும் அதே வயர்லெஸ் இருக்கு. ஊர் போலீஸ் மொத்தமும் தன்னைத் தேடுதுன்னு அவன் காதுல விழணுமா?"

வாய்தா மைக்கை மாட்டினார். அவள் மாடியிலிருக்கும் ஆலோசகருக்கு அடித்தாள். ஒன்றரை வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள், அவரோடு பேசுவது இதுதான் முதல் தடவை. நடந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஆலோசகர் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

"அவர் எங்கன்னு தெரிஞ்சதும் எனக்குச் சொல்லுங்க, நான் இப்பவே கிளம்புறேன்," என்றார் கடைசியில். "நீங்க முதல்ல போய்ச் சேர்ந்தா, அவரைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க. பக்கத்துல உக்காருங்க, அது போதும். உயிரோட இருக்கணும்னுதான் அவர் இவ்வளவு நாளா பாடுபட்டிருக்காரு. அதை மறந்துடாதீங்க."

வாய்தா வண்டியைக் கிளப்பவில்லை. எங்கே போவது என்று தெரிந்தால்தானே? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் வெறித்துப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் பேரை நான்தான் மேடம் பரப்பினேன்."

அவளுக்கும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால், பள்ளி வேன் ஒன்று கால்வாயில் கவிழ்ந்தது. முதலில் தண்ணீரில் குதித்தவன் அவன்தான். ஆறு குழந்தைகளை மேலே தூக்கினான். நாலு பிழைத்தது. பத்து நாள் கழித்து, தூக்கம் வரவில்லை, லீவு வேண்டும் என்று அவன் எழுதிக் கொடுத்தான். வேலைக்குப் பயந்து பொய் சொல்கிறானா என்று பார்க்க வேண்டியது உள் விசாரணைப் பிரிவின் பொறுப்பு. காலை ரோல்கால் கூட்டத்தில், நாற்பது பேர் முன்னிலையில், எக்ஸ்ரே அந்தக் காகிதத்தை ஆட்டிக் காட்டி, "தூக்கம் வரலையா? தாலாட்டுப் பாட ஆள் போடணுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன்கூடச் சிரித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாய்தா அதையே பேராக்கி ஊரெல்லாம் விற்றுவிட்டார். லீவு கிடைக்கவில்லை. பேர் நிலைத்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடியும். வாய்தாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு, யாருக்குமே தெரியாது. அன்று காலை அவளும் தூங்காமல்தான் வந்திருந்தாள். இரண்டு வருடமாகவே அவளுக்குத் தூக்கம் ஒழுங்காக இல்லை. மாதம் ஒருமுறை, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், வேறொரு ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வருவாள். அங்கே அவள் இன்ஸ்பெக்டர் கிடையாது, பள்ளிக்கூட ஆசிரியை. பேர்கூட அம்மாவின் பேர்தான். அப்படி இருந்தும் அந்தப் பையனின் காகிதத்தை ஆட்டிக் காட்டினாள். எதிராளியை ஊடுருவிப் பார்க்கிறவளாம். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஜீப்பின் கண்ணாடியில் தன் முகம் தெரிந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அழுவதற்கு இது நேரமில்லை. அவள் கண்களை அழுத்தித் துடைத்தாள்.

"வீட்டுக்கு வர மாட்டான்," என்றாள். "வீட்டுக்கு வரக் கூடாதுன்னுதான் இவ்வளவும். அந்தப் பொருளை யார்கிட்டயாவது குடுத்துடணும், அவ்வளவுதான் அவனுக்கு. ஸ்டேஷன்ல குடுத்தா ஏன்னு கேப்பாங்க. நண்பன்கிட்ட குடுத்தா ஏன்னு கேப்பான். இந்த ஊர்ல ஒரு போலீஸ்காரன்கிட்டேருந்து துப்பாக்கியை வாங்கி வச்சுக்கிட்டு, ஏன்னு கேக்காத இடம் எது?"

"கோர்ட்டு. ஆனா அஞ்சு மணிக்கே சாத்தியாச்சு." வாய்தா நெற்றியைத் தேய்த்தார். திடீரென்று நிமிர்ந்தார். "ஜெயில் மேடம்! போன மாசம் கைதியை விசாரிக்கப் போனப்ப உங்க பிஸ்டலையே கேட்ல வாங்கி லாக்கர்ல பூட்டிட்டு டோக்கன் குடுத்தாங்களே. குடுக்கலைன்னாதான் கேள்வி கேப்பாங்க!"

"எத்தனை மணி வரைக்கும்?"

"ஆறரை."

வாய்தா எதையும் நாளைக்குத் தள்ளிப்போடாமல் வண்டியை ஓட்டியது அன்றுதான்.

*

ஜெயிலின் வெளிவாசல் அறையில் நீளமான இரும்பு பெஞ்ச், ஒரு மேஜை, சுவரோடு வரிசையாகச் சின்னச் சின்ன இரும்பு லாக்கர்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த வார்டர் எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் எக்ஸ்ரேயின் கண் பெஞ்சுக்குப் போய்விட்டது.

அங்கே இருந்தான். முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டபடி. இடுப்பு உறை காலி. மூடிய இடது கைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தான்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கைதியையும் கேக்கலீங்க," என்று வார்டர் கிசுகிசுத்தார். "பொருளைக் குடுத்துட்டு டோக்கன் வாங்கினாரு. கொஞ்ச நேரம் உக்காந்துக்கலாமான்னு மட்டும் கேட்டாரு. ஆறரைக்கு நான் லாக்கரைக் காலி பண்ணணும் மேடம்."

வாய்தா ஆலோசகருக்கு இடத்தைச் சொல்ல வெளியே போனார். சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்தான். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் விறைத்து எழுந்து சல்யூட் அடித்தான்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் மேடம். கவுன்ட்டர்ல திருப்பி அனுப்பினப்பவே புரிஞ்சுபோச்சு." மனப்பாடம் செய்துவைத்ததைப் போலப் படபடவென்று சொன்னான். "ஒத்துக்கிறேன். பதினோரு சீட்டும் பொய். ட்ரிக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. பார்ட்ஸ் திருடுறதுக்காகத்தான் பண்ணினேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்."

"பார்ட்ஸ் எதுவும் திருட்டுப்போகல."

"திருட்டுக் கேஸாவே எழுதிக்குங்க மேடம்." அவன் குரல் உடைந்தது. "சஸ்பெண்ட் பண்ணுங்க, ஜெயில்ல போடுங்க, இதோ வாசல்லதான் இருக்கேன். மத்தது எதையும் எழுதிடாதீங்க. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைங்க போலீஸ்காரங்க பிள்ளைங்க. அப்பா திருடன்னு சொன்னாக்கூடச் சண்டை போடுவா. அப்பா பைத்தியம்னு சொன்னா அவ என்ன பண்ணுவா?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ வாக்குமூலம் வாங்கியவள் அவள். செய்த குற்றத்தை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். செய்யாத குற்றத்துக்குள் ஒளிந்துகொள்ள இடம் கேட்டு ஒருவன் கெஞ்சுவதை இன்றுதான் பார்த்தாள். அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தியவள் தான்தான் என்பதும் தெரிந்தது. தலைகுனிந்து நின்றாள்.

ஆலோசகர் சொன்னது ஞாபகம் வந்தது. போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். "உக்காருப்பா," என்றாள். மேலதிகாரி பக்கத்தில் உட்காரத் தயங்கி அவன் நின்றுகொண்டே இருந்தான். வார்டர் மேஜையிலிருந்து, வாய்தா வாசலிலிருந்து, இருவருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்தா இருக்கிற இடத்தில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"நானும் தூங்குறதில்ல," என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"ரெண்டு வருஷமாச்சு. மாத்திரை போட்டாத்தான் மூணு மணி நேரமாவது தூக்கம் வரும். வேற ஊருக்குப் போய், வேற பேரைச் சொல்லி வாங்கிட்டு வர்றேன். டிபார்ட்மென்ட்ல ஒருத்தருக்கும் தெரியாது."

வாசலில் வாய்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவன் மெதுவாக பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு, குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் போலக் கேட்டான்.

"அப்ப ஏன் மேடம் அன்னிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சீங்க?"

அவளிடம் பதில் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"நீ எழுதியிருந்தது எல்லாமே எனக்கும் இருந்துச்சு. ஒரு வரி விடாம. நான் உனக்காகப் பரிஞ்சு பேசினா, யாராவது என்னையும் திரும்பிப் பாத்துடுவாங்களோன்னு பயம். அதான் எல்லாருக்கும் முன்னால நானே முதல்ல சிரிச்சேன்." சட்டை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு. மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட வாய் கூசுது."

வாய்தா இரண்டடி உள்ளே வந்தார். "சார், அந்தப் பேரு... நான்தான்..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் நின்றார்.

"தெரியும் ஏட்டய்யா," என்றான் அவன்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து. வார்டர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். அவன் மூடியிருந்த கையைப் பார்த்தான். அதற்குள் பித்தளை டோக்கனின் விளிம்பு பதிந்து, விரலிடுக்கில் சிவந்திருந்தது.

"அதை என்கிட்ட குடு," என்றாள் எக்ஸ்ரே. "கிடங்குல என் பேர்ல வச்சுக்கிறேன். ஆலோசகர் அம்மா வந்துட்டிருக்காங்க. இன்னிக்கு ராத்திரி நீ ஏட்டு வீட்டுல தங்கு. உன் சம்சாரத்துக்கு நானே போன் பண்றேன்."

"குடுத்துட்டா என் நம்பர் பலகையில ஏறும் மேடம்."

ஏறாது என்று சொல்ல வாயெடுத்தாள். விதியை மாற்றும் அதிகாரம் அவளுக்கு இல்லை, இன்னொரு பொய்யை இவனிடம் சொல்ல மனமும் வரவில்லை.

"ஏறும்," என்றாள். "என் நம்பரும் ஏறும். நாளைக்கு நானும் மாடிக்குப் போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லத்தான் போறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சந்தேகம் இருந்தது. இருக்காதா பின்னே?

"மாடியில யார்கிட்ட வேணா சொல்லலாம் மேடம், கதவைச் சாத்திக்கிட்டு. இப்ப என்கிட்ட சொன்னதை, அன்னிக்குச் சிரிச்சாங்களே நாப்பது பேரு, அவங்க முன்னாடி சொல்வீங்களா?"

எக்ஸ்ரேக்கு முகத்தில் ஈயாடவில்லை. ரோல்கால் அறையின் வரிசைகள் கண்முன் வந்தன. பதினேழு வருடமாகச் சேர்த்துவைத்த பேர். இன்னும் இரண்டு மாதத்தில் வரவேண்டிய பதவி உயர்வு. சிரிக்கப்போகிற முகங்களில் முதல் பத்தை அவளால் இப்போதே சொல்ல முடியும். காது மடல்கள் சூடாகின. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் வெட்கப்பட்டாள்.

"காலையில எட்டு மணிக்கு," என்றாள். "சொல்றேன்."

"நாளைக்கு எனக்கு லீவு மேடம்."

"லீவுன்னாலும் வா. முதல் வரிசையில நில்லு. நான் முழுங்குனா, கையைத் தூக்கி, முழுசா சொல்லுங்கன்னு கேளு."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு தோள் குலுங்க அழ ஆரம்பித்தான். ஐந்து மாதமாக அடக்கிவைத்த அழுகை. வார்டர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரே உள்ளங்கையை விரித்தபடி அவன் பக்கத்தில் காத்திருந்தாள். அழுகை முடிவதற்கு முன்பே, அவளைப் பார்க்காமலேயே, அவன் டோக்கனை அந்தக் கையில் வைத்தான்.